பழைய டிராக்டரில் கிளட்ச் கோளாறு: பிரிக்காமல் தீருமா, பிரித்தால் எதை மாற்றுவது?

சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் கட்டி ஏற்றியாகிவிட்டால் டெல்டாவில் டிராக்டருக்கு வேலை குறைந்துவிடும். மாசியிலிருந்து குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரும்வரை உள்ள இந்த இடைவெளியில்தான் பட்டறை வாசல்களில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கிளட்ச் வேலைக்கு வந்தவை அதில் எப்போதும் நிறைய. மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். இறங்கி வந்து, "கிளட்ச் போச்சுண்ணே, பிரிச்சிடலாம்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் "பிரிச்சிடலாம்" என்பது ஒரு முடிவு இல்லை, நாலைந்து முடிவுகளின் தொடக்கம். பிரிக்காமலே தீரக்கூடிய கோளாறா? பிரித்தால் பழைய பிளேட்டுக்கு லைனிங் (உரசிப் பிடிக்கும் பட்டை) அடிப்பதா, புது பிளேட் மட்டும் போடுவதா, முழு செட்டையும் மாற்றுவதா, செராமிக் பட்டன் பிளேட்டுக்குப் போவதா? இதையெல்லாம் வண்டி முழுசாக நிற்கும்போதே யோசித்துவிடுவது நல்லது. இரண்டு துண்டாகக் கிடக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

இதில் ஏன் இவ்வளவு யோசனை என்றால், டிராக்டருக்கு லாரி மாதிரி அடிச்சட்டம் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்திருப்பதுதான் வண்டியின் உடம்பே. உள்ளே ஒரு பிளேட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பானெட், பேட்டரி, வயரிங், டீசல் குழாய், ஆக்சிலேட்டர் ராடு, ஸ்டீயரிங் இணைப்பு, சூடு காட்டும் மீட்டரின் கேபிள் என்று கழற்ற வேண்டியது ஒரு பட்டியல். சின்ன பேரிங் ஒன்றை மாற்றினாலும் முழு செட்டை மாற்றினாலும் இந்தக் கூலி ஒன்றுதான். என் கட்சி இதிலிருந்தே வருகிறது: பிரிக்காமல் செய்யக்கூடியதை எல்லாம் முதலில் செய்து பார்த்துவிட வேண்டும்; பிரிப்பது என்று ஆகிவிட்டால் உள்ளே கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும். மாஸ்ஸி பெர்குசன் 1035-ஐ எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி, சிம்சன் இன்ஜின், மூன்று சிலிண்டர். நம் ஊர்களில் இருபது முப்பது வயதான 1035 இன்னமும் உழுதுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இதில் இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளைப் புரிந்துகொண்டால் ஒற்றைக் கிளட்ச் வண்டிகளின் கதை அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இரட்டைக் கிளட்ச்சில் பெடல் ஒன்று, வேலை இரண்டு. பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் மட்டும் நிற்கும், ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். பழைய மாஸ்ஸியில் ஹைட்ராலிக் பம்ப்பும் அந்த பி.டி.ஓ. ஓட்டத்திலிருந்தே சுற்றுவதால், பெடலை அடிவரை மிதித்தால் லிஃப்டும் தூக்காது. உள்ளே இரண்டு பிளேட்: இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை ஒட்டி ஓட்டத்துக்கானது, ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் கூட்டுக்குள் பி.டி.ஓ.வுக்கானது. முதல் பிளேட் தேய்ந்தால் வண்டி இழுக்காது. இரண்டாவது தேய்ந்தால் வண்டி நன்றாக ஓடும், ரோட்டவேட்டர் சேற்றில் இறங்கியதும் திணறும், கலப்பையைத் தூக்கும்போது லிஃப்ட் தொய்யும். இதைத் தெரியாமல் "லிஃப்ட் பம்ப் போச்சு" என்று பம்ப்பைப் பிரித்துச் செலவு செய்தவர்கள் உண்டு. லிஃப்ட் தொய்யும் நேரத்தில் பி.டி.ஓ. தண்டும் பாரத்தில் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சந்தேகம் கிளட்ச் மேல் போக வேண்டும். பி.டி.ஓ. கம்பீரமாகச் சுற்றி, லிஃப்ட் மட்டும் தூக்காவிட்டால் அது ஹைட்ராலிக் பக்கத்துக் கோளாறு.

நோய் எது என்று பார்ப்பது

கிளட்ச் கோளாறு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும், அது நான்கு விதமாக வரும்: வழுக்குவது, விடாமல் பிடித்துக்கொள்வது, உதறுவது, சத்தம் போடுவது. முதல் இரண்டும் நேர் எதிரான கோளாறுகள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுக்கும்.

வழுக்குகிறது என்றால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கரும்பு ஏற்றிய டிரெய்லரை வயலிலிருந்து சாலைக்கு ஏற்றும் அந்தச் சரிவில்தான் முதலில் தெரியும். கூடவே தீய்ந்த வாடை வரும். ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உறுதி செய்ய ஒரு சோதனை: சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, மேல் கியரில் போட்டு, மிதமான வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை விடுங்கள். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் இன்ஜின் உடனே திணறி நின்றுவிடும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் லைனிங்கைச் சுடுகிறீர்கள்.

விடாமல் பிடிக்கிறது என்றால் பெடலை முழுசாக மிதித்தும் கியர் விழாது, விழுந்தாலும் 'கர்ர்' என்று அரைக்கும். இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெடலை மிதித்து, சில வினாடிகள் பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். அந்த நேரத்துக்குள் கியர்பாக்ஸின் உள் தண்டு சுற்றி ஓய்ந்திருக்க வேண்டும். அப்போதும் அரைத்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது. பெடலில் ஃப்ரீ ப்ளே (பாரம் தட்டும் முன் வெறுமனே போகும் தூரம்) அதிகமாகிவிட்டதா, பெடல் புஷ் தேய்ந்து பாதி மிதி வீணாகிறதா, பிளேட் நெளிந்துவிட்டதா, ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங் பிடித்துக்கொண்டதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டியது அப்புறம். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் துரு பிடித்து பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் பிரிக்கத் தேவையில்லை, கீழே சொல்கிறேன்.

உதறல் வேறு ரகம். பெடலை விடும்போது வண்டி விட்டு விட்டு இழுத்துக் குலுங்கும். லைனிங் மேல் ஆயில் பட்டிருக்கும், அல்லது ஃப்ளைவீலின் முகத்தில் சூட்டுத் திட்டுகள் இருக்கும், அல்லது பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் நெம்புகோல்களான மூன்று பிங்கர்களும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஆயிலா என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒரு காட்டர் பின் தொங்கும். உள்ளே சேரும் ஆயில் வழிவதற்காக வைத்தது. சேற்று உழவு வண்டிகளில் அது மண் அடைத்துக் கிடக்கும். ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு அடியில் ஒரு அட்டையை வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அட்டையில் கருப்பாக, மெலிதாகக் கசிந்திருந்தால் இன்ஜின் ஆயில். கிராங்க் பின்பக்கத்து சீல் போயிருக்கிறது. பொன்னிறமாக, கொழகொழவென்று, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். கியர்பாக்ஸின் உள் தண்டு சீல். இந்த அட்டை சொல்வதைக் கேட்காமல் புது பிளேட் போட்டால் ஒரு பருவத்துக்குள் அதுவும் நனைந்துவிடும்.

சத்தத்துக்குக் கணக்கு எளிது. பெடலில் லேசாகக் கால் வைத்ததும் கிறீச்சென்று தொடங்கினால், மிதிக்கும்போது பிங்கர்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். பெடலை முழுசாக மிதித்து, உள் தண்டு நின்றபின் மட்டும் கேட்டால் பைலட் பேரிங். நியூட்ரலில் பெடலைத் தொடாமல் நிற்கும்போது கேட்டு, மிதித்ததும் நின்றுபோனால் அது கிளட்ச்சே இல்லை. கியர்பாக்ஸின் உள் தண்டுப் பேரிங். மூன்றுக்கும் வண்டியைப் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் எதை வாங்கி வைத்துக்கொண்டு பிரிப்பது என்று தெரிந்துவிடும்.

முதல் வழி: பிரிக்காமல் சரிசெய்வது

செலவே இல்லாத வழி இது என்பதால் பட்டறைகளில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெடலைக் கையால் அழுத்துங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போய், பிறகு ஒரு இடத்தில் பாரம் தட்டும். அந்த வெற்று தூரம்தான் ஃப்ரீ ப்ளே. பொதுவாக இது ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

பிளேட் தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறையும். லைனிங் மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது, பிங்கர்களின் நுனி ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகிறது. ஒரு நாள் இடைவெளி பூஜ்யமாகும். அன்றிலிருந்து யாரும் மிதிக்காமலே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்ட நிலையில் இருக்கும். பேரிங் ஓயாமல் சுற்றும், பிளேட் வழுக்கும், வழுக்கலில் இன்னும் வேகமாகத் தேயும். இந்த இடத்தில் லிங்க் ராடு நட்டைத் தளர்த்தி ஃப்ரீ ப்ளே வைத்தாலே வழுக்கல் நின்றுபோகும் வண்டிகள் இருக்கின்றன. இரட்டைக் கிளட்ச் வண்டியில் ஹவுசிங் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றிச் சுற்றி, பி.டி.ஓ. பக்கத்து அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டுகள் மூன்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து ஒரே இடைவெளியாக வைக்க வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் பிளேட் சாய்ந்து விடுபடும், பி.டி.ஓ. நிற்காது.

எப்போது இது போதாது? அட்ஜஸ்ட் செய்யும் ராடின் திருகு நூல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரைக்கும் திருகியாகிவிட்டது, மேலும் நகர இடமில்லை என்றால் பிளேட் தன் ஆயுளைத் தீர்த்துவிட்டது. மிச்சம் நிறைய இருந்தும் அட்ஜஸ்ட் செய்தபின் வழுக்குகிறது என்றால் ஆயில் பட்டிருக்கும், அல்லது பிரஷர் ஸ்பிரிங்குகள் சூட்டில் தளர்ந்திருக்கும். இரண்டிலும் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

துருவில் ஒட்டிய பிளேட்டுக்கு: இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, திறந்த வெளியில் மேல் கியரில் ஓட்டி, பெடலை முழுசாக மிதித்தபடியே பிரேக்கை உறுதியாக அழுத்துங்கள். சில முறை செய்தால் 'டப்' என்று விட்டுவிடும். கியரே விழாத அளவு ஒட்டியிருந்தால், இன்ஜினை நிறுத்தி கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்துக் கிளப்புவார்கள். விவரம் தெரிந்த ஆள் இரண்டு பேர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது; கிளம்பிய வண்டியைப் பெடல் நிறுத்தாது என்பதை மறந்துவிட்டால் ஆபத்து. அதைவிட நல்லது, வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை மிதித்து ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைப்பது. பல டிராக்டர்களில் இதற்கென்றே ஒரு கொக்கி இருக்கும்.

இந்த வழியின் எல்லை தெளிவானது. காரணம் பெடல் பக்கத்தில் இருந்தால் தீரும், பிளேட் பக்கத்தில் இருந்தால் தீராது. அட்ஜஸ்ட் செய்தபின் சில வாரங்களிலேயே ஃப்ரீ ப்ளே மறுபடி காணாமல் போனால் அந்த வண்டியை வைத்துக் குறுவையைத் தொடங்காதீர்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும்: லைனிங் அடிப்பதா, செட்டாக மாற்றுவதா

பிரித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பிளேட் கையில் இருக்கிறது. ரிவெட் தலை லைனிங் மட்டத்துக்கு வந்துவிட்டதா, நடு ஹப்பிலுள்ள பல் தேய்ந்து ஆடுகிறதா, சுற்றிலும் உள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்து கிலுகிலுக்கின்றனவா? பிளேட்டைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினாலே தெரியும்.

லைனிங் அடிப்பது என்றால் பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டு, அதே இரும்பு பிளேட்டில் புது லைனிங்கை ரிவெட் அடித்துத் தருவது. புது பிளேட்டைவிட வெகு மலிவு. இரும்பு நல்ல நிலையில் இருந்து, வண்டியும் வருஷத்தில் சொந்த வயலை மட்டும் உழுதால், நம்பிக்கையான கடையில் அடித்த லைனிங் பல பருவம் தாங்கும். இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் லைனிங் கடைகள் இவ்வளவு காலம் நிற்பதே அந்த வேலையில் உண்மை இருப்பதால்தான். பிரச்சினை வேறு இடத்தில். ஹப் பல் தேய்ந்திருந்தால் புது லைனிங் அடித்தும் பிளேட் உள் தண்டில் சீராக நகராது. பெடலை மிதித்தும் விடாமல் பிடிக்கும். பிளேட் நெளிந்திருந்தாலும் அதே கதி. அதைக் கடைக்காரரிடம் கேட்டால் "ஒன்னும் ஆகாதுண்ணே" என்பார். தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், நெளிவு உங்கள் கண்ணுக்கே தெரியும்.

பழைய லைனிங் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. ஹவுசிங்கைத் திறந்ததும் காற்றுக் குழாயை எடுத்து 'புஸ்' என்று ஊதுவது எல்லாப் பட்டறையிலும் பழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி செட். செட் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். இரட்டைக் கிளட்ச்சில் பிரஷர் பிளேட் கூட்டுக்குள்ளேயே பி.டி.ஓ. பிளேட்டும் சேர்ந்து வரும். விலை அதிகம்தான். ஆனால் புது பிளேட்டைத் தளர்ந்த ஸ்பிரிங்குகளின் கீழ் போட்டால் அழுத்தம் போதாமல் பாரத்தில் வழுக்கும். பிரஷர் பிளேட் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தால் அது வெந்துபோன இரும்பு. அதைத் திரும்பப் பூட்டுவது வீண். முகம் சுத்தமாக, ஸ்பிரிங் உயரம் எல்லாம் ஒன்றாக, பிங்கர் நுனிகள் தேயாமல் இருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பி.டி.ஓ. பிளேட்டை மட்டும் மாற்றுகிறேன் என்று கூட்டைத் தரையில் வைத்து நட்டைத் திருக மட்டும் யாரையும் விடாதீர்கள். உள்ளே அழுத்திக் கட்டிய ஸ்பிரிங்குகள். பிரஸ்ஸில் வைத்துத்தான் தளர்த்த வேண்டும்.

ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு சீல்கள் ஆகியவற்றில் தேர்வு என்ற பேச்சே இல்லை. நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கூலியோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை ஒன்றுமில்லை. "பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்று டீசலில் கழுவித் திரும்பப் போடுவதுதான் அடிக்கடி நடப்பது. அந்த பேரிங் உள்ளே கிரீஸ் அடைத்து மூடப்பட்டது. டீசல் உள்ளே போனால் கிரீஸ் கரைந்து, கொஞ்ச நாளில் கத்தத் தொடங்கும். அப்புறம் மறுபடி பிரிக்க வேண்டும்.

ஃப்ளைவீலையும் விட்டுவிடக் கூடாது. முகத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். ஆனால் பிளேட் ஒரு பள்ளத்துக்குள் உட்காரும் வகை ஃப்ளைவீலாக இருந்தால், முகத்தில் எடுத்த அளவையே பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது செட்டும் அழுத்தம் குறைந்து வழுக்கும். லேத் காரரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு இது டிராக்டருடையது என்பதே தெரியாமல் இருக்கலாம். கையோடு, ஃப்ளைவீலைச் சுற்றி ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல் வளையமான ரிங் கியரையும் பாருங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் நிறுத்தும்போதெல்லாம் ஏறக்குறைய மூன்று இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும். அதனால் அந்த மூன்று இடத்துப் பற்கள் மட்டும் தேயும். ஸ்டார்ட்டர் சில நேரம் 'கிர்ர்' என்று வெறுமனே சுற்றுகிறது என்ற புகார் இருந்திருந்தால் காரணம் இங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பாகம் வாங்கும்போது கம்பெனி பெட்டியா, மார்க்கெட் சரக்கா என்ற கேள்வி வரும். ஓட்டத்துக்கான பிளேட்டில் நல்ல பெயருள்ள மார்க்கெட் பிராண்டை நம்பலாம் என்பது என் கருத்து. பிரஷர் பிளேட்டில் ஸ்பிரிங் தரம்தான் எல்லாம். அதில் கம்பெனி சரக்கே மேல். எதுவானாலும் பழையதைக் கையில் கொண்டுபோய், ஹப் பல்லின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பல் எண்ணிக்கை மாறிய வண்டிகள் உண்டு. பில் கேட்டு வாங்குங்கள். டிராக்டர் கிளட்ச் பாகங்களுக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய கணக்கையே சொல்லி விற்கும் கடையில் அதைக் காட்டிக் கேட்கலாம்.

நான்காவது: செராமிக் பட்டன் பிளேட்

சுற்றிலும் லைனிங் வளையத்துக்குப் பதிலாக, உலோகத் தூளும் செராமிக்கும் சேர்த்துச் சுட்ட பட்டன்கள் பதித்த பிளேட் இது. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தேயாது, பாரத்தில் கெட்டியாகப் பிடிக்கும். நாள் முழுக்க வாடகைக்கு ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களும், முன்னால் லோடர் மாட்டியவர்களும் இதைத் தேடிப் போவது அதனால்தான்.

ஆனால் பழைய வண்டிக்கு இதை நான் சட்டென்று பரிந்துரைக்க மாட்டேன். பட்டன் பிளேட் மெதுவாகப் பிடிக்கத் தெரியாதது. பெடலை விட்ட கணத்தில் கவ்வும். அந்த உதை நேராகக் கியர்பாக்ஸின் உள் தண்டுக்கும் பற்களுக்கும் போகும். இருபது வருஷம் தேய்ந்த பற்கள் அதை விரும்பாது. ஃப்ளைவீல் முகத்தையும் அது தின்னும். டிரெய்லரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளி ஷெட்டில் விட வேண்டியவர்களுக்கு இது பெரும் எரிச்சல். வண்டி வாடகைக்கே பிறந்தது, ஓட்டுவது ஒரே ஆள், அவருக்கும் கால் பழக்கம் நன்றாக உண்டு என்றால் போடுங்கள். டிரைவர் மாறி மாறி ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

இரட்டைக் கிளட்ச் செட் விலையைக் கேட்டு, "ஒத்தைக் கிளட்ச்சா மாத்திடலாமா?" என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். மாற்ற முடியும். ஆனால் பெடலை மிதித்தால் ரோட்டவேட்டர் நின்றுவிடும், லிஃப்டும் நின்றுவிடும். வரப்போரம் வந்து நின்று கலப்பையைத் தூக்கித் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த இழப்பு தெரியும். தண்ணீர் டேங்கர் மட்டும் இழுக்கும் வண்டியாக இருந்தாலொழிய இது பொருந்தாது.

எங்கே, யாரிடம் பிரிப்பது

டீலர் சர்வீஸ் மையத்தில் கூலி அதிகம், பாகம் சரியாக இருக்கும், உள்ளே எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று எழுதித் தருவார்கள். பக்கத்துப் பட்டறையில் கூலி குறைவு, நாம் நின்று பார்க்கலாம். என் விருப்பம் இரண்டாவது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பட்டறையில் தண்டவாளமோ, சக்கரம் வைத்த பிரிக்கும் ஸ்டாண்டோ இருக்க வேண்டும். ஜாக்கி, செங்கல், சவுக்குக் கட்டை மட்டும் வைத்துப் பிரிக்கும் இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

காரணம் முன் ஆக்சில். அது நடுவில் ஒரே பின்னில் (செருகிய இரும்புத் தண்டில்) தொங்குவது. மேடு பள்ளத்தில் இருபுறமும் ஆடத்தான் அப்படி வைத்தார்கள். வண்டி முழுசாக இருக்கும்வரை பின்பாதி முன்பாதியை நிமிர்த்தி வைத்திருக்கும். பிரித்த கணத்தில் முன்பாதி, இன்ஜின் பாரத்தோடு, அந்த ஒற்றைப் பின் மேல் நிற்கிறது. ஆக்சிலுக்கும் அதன் மேலுள்ள சப்போர்ட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்கி அடிக்காவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். போல்ட்டைத் தொடுவதற்கு முன் மெக்கானிக் ஆப்பு அடிக்கிறாரா என்று பாருங்கள். அடிக்காதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

திரும்பப் பூட்டும்போது பார்க்க வேண்டியவை சில. பிளேட்டுக்குப் பக்கம் உண்டு. ஃப்ளைவீல் பக்கம் எது என்று அதிலேயே பொறித்திருக்கும். திருப்பிப் போட்டால் ஹப் இடித்து, கிளட்ச் விடவே விடாது. பிளேட்டை மையத்தில் நிறுத்த ஒரு பழைய உள் தண்டோ, கடைந்த மரத் தண்டோ செருகி வைத்துத்தான் பிரஷர் பிளேட் போல்ட்டுகளை முடுக்க வேண்டும், அதுவும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஹப் பல்லில் கிரீஸ் விரலில் தொட்டுத் தடவுகிற அளவு போதும். அள்ளி அப்பினால் சுழலும்போது சிதறி லைனிங் மேல் படும். கடைசியாக, இரண்டு பாதியும் சேராமல் ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றால் போல்ட்டை முடுக்கி இழுத்துச் சேர்க்கவே கூடாது. பல் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஃப்ளைவீலையோ பி.டி.ஓ. தண்டையோ கையால் மெல்லச் சுற்றினால் தானாக 'டக்' என்று உட்காரும். போல்ட்டால் இழுத்தால் பிளேட் ஹப் நெளியும், அல்லது ஹவுசிங் காது உடையும். ஹவுசிங் உடைந்தால் கிளட்ச் செட் விலையெல்லாம் சில்லறை.

யாருக்கு எது

சொந்த நிலம் சில ஏக்கர், அட்டையில் ஆயில் இல்லை, வழுக்கல் இப்போதுதான் தொடங்கியது என்றால் முதலில் அட்ஜஸ்ட் செய்து ஒரு பருவம் ஓட்டுங்கள். நூல் தீர்ந்துவிட்டது, இரும்பு நன்றாக இருக்கிறது என்றால் லைனிங் அடித்து, பேரிங்கும் சீலும் புதிதாகப் போடுங்கள். வாடகைக்கு உழும் வண்டிக்கு முழு செட். அதில் பேரம் வேண்டாம். சீசன் நடுவில் வண்டி படுத்தால் ஒரு நாள் வாடகை போவது மட்டுமில்லை, அந்த வாடிக்கையே அடுத்த வண்டிக்காரரிடம் போய்விடும்.

விற்கப்போகும் வண்டிக்கு? பலரும் லைனிங் அடித்து ஒப்பேற்றி விற்கிறார்கள். வாங்குபவர் விவரமானவராக இருந்தால் பிரேக்கைப் பூட்டி மேல் கியரில் பெடலை விட்டுப் பார்ப்பார், பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடிப்பார். கிளட்ச் போனது என்று சொல்லியே, அதற்கான தொகையைக் குறைத்து விற்பதில் பேச்சு சுலபமாக முடியும். நீங்கள் வாங்குபவராக இருந்தால் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள், அட்ஜஸ்ட்மென்ட் நூலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள், அடித்துவாரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் அந்தத் துவாரத்தைச் சுற்றி மட்டும் ஆயில் பிசுக்கு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

புது கிளட்ச் போட்டு வந்த வண்டியை முதல் நாளே பாரம் ஏற்றி விரட்ட வேண்டாம். லைனிங்கும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று உட்காரும்வரை லேசான உழவு, காலி டிரெய்லர் போதும். உட்காரும்போது ஃப்ரீ ப்ளே கொஞ்சம் குறையும் என்பதால், முதல் சில வாரத்தில் ஒருமுறை பெடலைக் கையால் அழுத்திப் பார்த்து, தேவைப்பட்டால் நட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். டிரைவர் வேறு ஆள் என்றால், பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாரா என்று சாலையில் ஒருமுறை பின்னாலேயே போய்ப் பாருங்கள்.